கலங்கின பை, கையில ஒரு கணக்கு

வேலூர்னா கோட்டை, வெயில், ஜெயில், அப்புறம் சி.எம்.சி. ஆம்பூர்னா தோலும் பிரியாணியும். பிரியாணிப் பதிவுன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது வயிற்று வழியா செய்யற டயாலிசிஸ் பத்தி. அதுல வர்ற கிருமித் தொற்றை எப்படி எண்ணுறாங்கங்கறது பத்தி. (எண்ணுறதுல என்ன இருக்குன்னு கேக்காதீங்க, அங்கதான் விஷயமே இருக்கு.)

எங்க சொந்தத்துல ஒருத்தர் ஷூ கம்பெனியில தையல் மெஷின்ல இருக்கார். ரெண்டு கிட்னியும் போச்சு. மெஷின் டயாலிசிஸ்னா வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரியில படுக்கணும், வேலை நிலைக்காது. பை டயாலிசிஸ்னா வீட்டிலேயே செஞ்சுக்கலாம். ஆனா குடும்பமே ஒரே கேள்வியில நின்னுது: "இன்ஃபெக்ஷன் வருமாமே, எத்தனை வாட்டி வரும்?"

நம்ம வயித்துக்குள்ள குடலைச் சுத்தி பெரிட்டோனியம்னு ஒரு மெல்லிய சவ்வு இருக்கு. அதுக்குள்ள ஒரு குழாய் வழியா சுமார் 2 லிட்டர் சர்க்கரைத் திரவத்தை விட்டு சில மணி நேரம் வெச்சா, ரத்தத்துல இருக்கற கழிவு சவ்வைத் தாண்டி அதுல இறங்கும். வடிச்சிட்டு புதுசு விடணும், ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் குழாயைத் திறந்து மூடறப்போ கையில இருக்கற கிருமி உள்ள போக வழி உண்டு. போச்சுன்னா வயித்து வலி. வடியற தண்ணி தெளிவா இல்லாம, அரிசி கழுவின தண்ணி மாதிரி கலங்கலா வரும்.

1923லேயே ஜெர்மனியில கேயோர்க் கான்டர் இதை மனுஷங்க மேல முயற்சி பண்ணிட்டார். 1968ல டெங்காஃப் நிரந்தரமா வைக்கிற சிலிக்கான் குழாயைக் கொண்டு வந்தார். நம்ம வேலூர் அப்போ வேற பாதையில போயிட்டிருந்தது. இந்தியாவோட முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று ஆபரேஷன் 1971ல சி.எம்.சி.லதான் நடந்தது.

1976ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல போபோவிச், மான்கிரீஃப் ரெண்டு பேரும், நோயாளி நடமாடிக்கிட்டே நாள் முழுக்க செய்யற முறையை யோசிச்சாங்க. திரவம் கண்ணாடி பாட்டில்ல வந்த காலம். அவங்க 1978ல வெளியிட்ட கணக்குப்படி சராசரியா 10 வாரத்துக்கு ஒரு தொற்று. அதாவது வருஷத்துக்கு அஞ்சு தடவை! யார் வீட்டுல தாங்கும்? அதே வருஷம் டொராண்டோவுல ஓரியோபுலோஸ் பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டு பிளாஸ்டிக் பைக்கு மாறினார். பத்தரை மாசத்துக்கு ஒண்ணுன்னு குறைஞ்சது. அப்புறம் இத்தாலிக்காரங்க 'ஒய்' வடிவக் குழாய் கொண்டு வந்தாங்க. புதுசு உள்ள போறதுக்கு முன்னாடி, இணைப்புல ஒட்டின கிருமியைக் கழுவி வெளியே தள்ளிடும். 1983ல வந்த ஒப்பீட்டு ஆய்வுல பழைய முறைக்கு 11 மாசத்துக்கு ஒண்ணு, புதுசுக்கு 33 மாசத்துக்கு ஒண்ணு. மருந்து இல்ல மாயம் இல்ல, ஒரு பிளாஸ்டிக் குழாய். எண்ணாம விட்டிருந்தா இது நல்லதுன்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

இந்தியாவுக்கு இந்த முறை 1991ல வந்தது.

இப்போ கணக்குக்கு வர்றேன். 30 நோயாளிகள்னு வைங்க. 20 பேர் முழு வருஷமும் பையில இருந்தாங்க. 10 பேர் ஆறு மாசத்துலயே மாற்று ஆபரேஷனுக்கோ மெஷினுக்கோ போயிட்டாங்க. மொத்தம் 10 தொற்று. 10ஐ 30ஆல வகுத்தா 0.33, பார்க்க அழகா இருக்கு. ஆனா அது தப்பு. ஆறு மாசம் இருந்தவரை அரை வருஷமாத்தான் எண்ணணும். ஆக 20 கூட்டல் 5, 25 நோயாளி-வருஷம். 10 வகுத்தல் 25, 0.4.

இந்த 0.4தான் இன்னைக்கு எல்லைக்கோடு. பெரிட்டோனியல் டயாலிசிஸுக்கான சர்வதேச சங்கம் 2010ல 18 மாசத்துக்கு ஒண்ணு (வருஷத்துக்கு 0.67) வரைக்கும் சரின்னு சொன்னது. 2016ல 0.5, 2022ல 0.4க்கு மேல போகக்கூடாதுன்னுட்டாங்க. கூடவே, வருஷத்துல 80 சதவீதத்துக்கு மேல பேர் தொற்றே இல்லாம இருக்கணும்னும் சொன்னாங்க. இது எனக்குப் பிடிச்ச திருத்தம். ஒரே ஆளுக்கு அஞ்சு தடவை வந்தாலும், அஞ்சு பேருக்கு ஒவ்வொண்ணு வந்தாலும் சராசரி ஒண்ணுதான். படுற பாடு ஒண்ணா?

எதை ஒரு தொற்றுன்னு சொல்றதுன்னும் விதி இருக்கு. வலி அல்லது கலங்கல், வடிநீர்ல மைக்ரோலிட்டருக்கு 100க்கு மேல வெள்ளணு (அதுல பாதிக்கு மேல நியூட்ரோஃபில்), கல்ச்சர்ல கிருமி. இந்த மூணுல ரெண்டு இருக்கணும். மருந்து முடிஞ்சு நாலு வாரத்துக்குள்ள அதே கிருமி திரும்ப வந்தா புதுசா எண்ணக்கூடாது.

நம்ம ஊர்ல இது இன்னும் சிக்கல். வேலூருக்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்குன்னு எங்கிருந்தெல்லாமோ வர்றாங்க. குழாய் போட்டுக்கிட்டு ஊருக்குப் போனவருக்கு பை கலங்கினா, பக்கத்து டாக்டர்கிட்டதான் ஓடுவார். அவர் ஆன்டிபயாடிக் குடுத்துடுவார். அதுக்கப்புறம் கல்ச்சர் எடுத்தா கிருமி காட்டாமலே போகலாம். தகவல் குழாய் போட்ட ஆஸ்பத்திரிக்கு வராமலும் போகலாம். மேல சொன்ன கணக்குல ரெண்டு தொற்று இப்படி விட்டுப்போனா 0.4, 0.32 ஆயிடும். யாரும் பொய் சொல்லல, ஆனா கணக்கு பொய்யாயிடுச்சு. அதனால ஒரு ஆஸ்பத்திரி ரொம்பக் குறைச்சலா எண் சொன்னா, எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு முதல்ல கேக்கணும்ங்கறது என் கட்சி.

தண்ணியையும் சொல்லணும். மெஷின் டயாலிசிஸ் ஒரு தடவைக்கு சுமார் 120 லிட்டர் சுத்திகரிச்ச தண்ணி குடிக்கும். தோல் தொழிற்சாலைக் கழிவால பாலாறு கெட்டதுக்கு 1996லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த ஊர் நம்மளது. பைக்கு அவ்வளவு தண்ணி வேண்டாம், கை கழுவ வேணும். சோப்புப் போட்டுக் கழுவி, நல்லாத் துடைச்சு, ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்திட்டு மாத்தணும். ஒத்தை ரூம் வீட்டுல அரை மணி நேரம் குழந்தைகளை வெளிய அனுப்பணும்.

2021 ஆகஸ்டுல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தர்றதும் சேர்ந்தது. பை கொண்டு வர்றவங்க கையில ஒரு நோட்டும் இருந்து, "இந்த மாசம் தண்ணி கலங்குச்சா?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டா, விட்டுப்போன அந்த ரெண்டும் கணக்குல ஏறும்.