மேசைக்கணினிக்கு இலவச மென்பொருள்: பதிவிறக்கத் தளத்திலிருந்து களஞ்சியம் வரை

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. உத்திரமேரூர் வட்டத்துக் கிராமங்களில் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். அதே ஆண்டில்தான், உலகின் பெரிய பதிவிறக்கத் தளங்களில் ஒன்றான டவுன்லோட்.காம், பிறர் எழுதிய இலவச மென்பொருள்களைத் தன் சொந்த நிறுவியில் பொதிந்து தரத் தொடங்கியது. இவ்விரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததை நம் கணினிக் கல்வி வரலாறு போதிய அளவு கவனிக்கவில்லை.

அந்த நிறுவி இயங்கிய விதம் எளிது. கேட்ட மென்பொருளோடு ஒரு டூல்பாரும் வரும். உலாவியின் முகப்புப் பக்கம் மாறும். ஒப்புதல் பெட்டியில் முன்பே டிக் போடப்பட்டிருக்கும். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்திப் போகிறவர் எல்லாவற்றுக்கும் சம்மதித்தவர் ஆகிவிடுவார். என்மேப் என்ற கட்டற்ற மென்பொருளை எழுதிய கார்டன் லயன், தம் படைப்பை இப்படிப் பொதிந்து தருவதை 2011 டிசம்பரில் பகிரங்கமாகக் கண்டித்தார். கட்டற்ற மென்பொருளின் தாய்வீடாக இருந்த சோர்ஸ்ஃபோர்ஜும் 2013-இல் இதே வழியில் இறங்கியது. 2015-இல் படத்தொகுப்பு மென்பொருளான ஜிம்ப்பின் விண்டோஸ் நிறுவியில் விளம்பரச் சரக்கு சேர்ந்தபோது அத்திட்டத்தினர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். 2016-இல் தளம் கைமாறிய பிறகே புதிய உரிமையாளர்கள் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள்.

வேறொரு மரபு இதற்கு முன்பே வளர்ந்துகொண்டிருந்தது. இயன் மர்டாக் 1993-இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில் மென்பொருள்கள் ஒரே களஞ்சியத்தில் சேர்கின்றன. ஒவ்வொரு தொகுப்புக்கும் பெயர் தெரிந்த பராமரிப்பாளர் உண்டு. அக்களஞ்சியத்திலிருந்து நேராக நிறுவ உதவும் ஆப்ட் கருவி 1999-இல் வெளியான 2.1 பதிப்பில் இடம்பெற்றது. கையொப்பச் சரிபார்ப்பு 2007-இல் 4.0 பதிப்போடு வந்தது. களஞ்சியத்தின் பட்டியலில் ஒவ்வொரு கோப்புக்கும் கணித அடையாளம் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பட்டியல் திட்டத்தின் சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்கும். அச்சாவியின் பொதுப்பகுதி பயனரின் கணினியிலேயே இருக்கும். வழியில் ஓர் எழுத்து மாறினாலும் ஆப்ட் அக்கோப்பை ஏற்காது. எனவே கோப்பு எந்தச் சேவையகத்திலிருந்து வந்தது என்பது பெரிய கேள்வியாக நிற்பதில்லை. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இணையதளம் ஊடுருவப்பட்டபோது, அன்று தளத்தின் இணைப்பிலிருந்து நிறுவல் வட்டுப் பிம்பத்தை இறக்கியவர்களே சிக்கினார்கள்; ஏற்கெனவே நிறுவிய கணினியில் களஞ்சியம் வழியே புதுப்பித்தவர்களுக்குப் பாதிப்பில்லை.

பொதுவில் இருப்பதை யார் பொறுப்பில் விடுவது என்ற கேள்வி உத்திரமேரூருக்குப் பழையது. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஊர்ச்சபை வாரிய உறுப்பினர்க்குரிய தகுதிகளை விதிக்கிறது: 35 முதல் 70 வரை வயது, வரி செலுத்தும் சொந்த நிலம், முந்தைய மூன்றாண்டுகளில் வாரியப் பதவி வகிக்காமை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் மட்டுமன்றி அவர்களின் உறவினர்களும் விலக்கப்படுகிறார்கள். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். அந்தச் சபையில் ஊரார் எல்லோருக்கும் இடமில்லை என்பதை மறைத்து அதைக் கொண்டாடுவது தவறு. ஆயினும் நுழையுமுன் தகுதி, பணியாற்றியபின் கணக்கு என்ற இரு கோட்பாடுகளையும் டெபியனில் காண்கிறோம். புதிதாகச் சேர்பவரின் சாவியில் ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர்கள் கையொப்பமிட வேண்டும். ஒவ்வொரு தொகுப்பின் வழுப் பட்டியலும் எவரும் பார்க்கத் திறந்தே இருக்கிறது.

இந்த மரபு நம் மாணவர்களின் கைக்கே வந்திருந்தது. அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது; அது சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. பாதுகாப்பான களஞ்சியத்துக்கான வழி வன்வட்டின் ஒரு பகுதியில் இருக்க, மறுபகுதியில் மாணவர்கள் தேடுபொறியில் ‘ஃப்ரீ டவுன்லோட்’ என்று தேடிக்கொண்டிருந்தார்கள். பொருளைக் கொடுத்த அளவுக்கு அதன் பயன்பாட்டைக் கற்பிக்கவில்லை என்பதே என் முடிவு. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவும், 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழும் அந்த இடைவெளியைத் தன்னார்வத்தால் நிரப்ப முயன்றன. பள்ளிகள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

இதற்கிடையில் 2012-இல் விண்டோஸ் 8-உடன் மைக்ரோசாஃப்டின் செயலிக் கடை வந்தது. லினக்ஸுக்கு ஸ்னாப் ஸ்டோரும் ஃபிளாட்ஹப்பும் வந்தன. இவற்றில் செயலியை எழுதியவரே நேரடியாக ஏற்றலாம். புதிய பதிப்பு விரைவில் கிடைக்கும், ஆனால் இடையில் நின்று பார்க்கும் பராமரிப்பாளர் குறைவு. 2018 மே மாதம், ஸ்னாப் ஸ்டோரில் இருந்த 2048பன்டு என்ற விளையாட்டுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒளிந்திருந்தது தெரியவந்தது. ஃபிளாட்ஹப் 2023 முதல், செயலி உரியவரிடமிருந்தே வருவதைச் சரிபார்த்து அடையாளமிடுகிறது. நிறுவுமுன் அந்த அடையாளத்தையும், செயலி கேட்கும் அனுமதிகளையும் பார்ப்பது இன்றியமையாதது.

களஞ்சிய மரபுக்கும் சோதனை வந்தது. எக்ஸ்இசட் என்ற சிறு நிரலகத்தில், ஏறத்தாழ இரண்டாண்டு உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர் பின்வாசல் வைத்ததை, 2024 மார்ச்சில் மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் கண்டுபிடித்தார். தொலைநிலை உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமானதே அவருக்குக் கிடைத்த துப்பு. டெபியனின் சோதனைப் பதிப்புகள் வரை அந்த நிரல் வந்துவிட்டது; நிலைப்பதிப்பை எட்டவில்லை. பள்ளி, நூலகக் கணினிகளுக்கு நிலைப்பதிப்பையே நிறுவி, மென்பொருள்களை அதன் களஞ்சியத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.