நத்தார் மரமும் வன்னி வீடும்

ஈழத்துத் தமிழர் கிறிஸ்து பிறப்பு விழாவை நத்தார் என்று வழங்குகின்றனர். சிங்கள மக்கள் நத்தல் என்பர். இரண்டும் அவ்விழாவைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லொன்றின் திரிபுகள். பதினாறாம் நூற்றாண்டிலே கப்பலேறி வந்த அச்சொல் நம் மக்களின் நாவில் ஊறிப் பழகிவிட்டது. ஆனால் ‘நத்தார் மரம்’ என்று நாம் சேர்த்துச் சொல்லும்பொழுது, அத்தொடரின் முற்பாதிக்கும் பிற்பாதிக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டு இடைவெளி இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. சொல்லைத் தந்த போர்த்துக்கேயரிடம் அந்நாளில் மரம் இருக்கவில்லை. மரத்தைக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயர்.

ஆண்டுதோறும் மார்கழி பிறந்ததும் இம்மரத்தைப் பற்றி இருவகை வாதங்கள் எழுவதுண்டு. பனியறியாத நாட்டில் பனிநாட்டு மரம் எதற்கு, இது வெள்ளையன் விட்டுச்சென்ற மோகமன்றோ என்பது ஒன்று. உலகமெங்கும் வைக்கிறார்கள், கடையிலே கிடைக்கிறது, நாமும் வாங்கி வைப்போம் என்பது மற்றொன்று. முன்னது தேசியத்தின் குரலில் பேசுகிறது; பின்னது சந்தையின் குரலில் பேசுகிறது. இரு சாராரும் மரத்தைப் பார்க்கின்றனர். மரம் நிற்கின்ற வீட்டைப் பார்க்கவில்லை. வன்னிப் பெருநிலப்பரப்பைப் பொறுத்தவரை வரலாறு அந்த வீட்டிலேதான் எழுதப்பட்டிருக்கிறது.

முதலில் மரத்தின் பிறப்பை நோக்குவோம். 1605ஆம் ஆண்டிலே ஸ்திராஸ்பூர்க் நகரில் மக்கள் தம் வீட்டுக் கூடங்களில் ஊசியிலை மரங்களை நிறுத்தி, வண்ணத்தாளில் வெட்டிய ரோசாப் பூக்களையும் ஆப்பிள் பழங்களையும் மெல்லிய அப்பங்களையும் சர்க்கரைப் பண்டங்களையும் தொங்கவிட்டனர் என்று ஒரு வழிப்போக்கன் குறித்துவைத்தான். காகிதமும் பழமும் அப்பமும் சாதாரண மக்களின் கைக்கு எட்டும் பொருள்கள். ஜெர்மானிய மொழி பேசும் மக்களின் இல்லங்களில் வளர்ந்த இவ்வழக்கத்தை மன்னர் குடும்பங்கள் பின்னரே மேற்கொண்டன. ஜெர்மனியிலிருந்து வந்த சார்லட் அரசி 1800ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வின்சர் மாளிகையில் ஒரு மரம் வைத்தாள். 1848இலே, விக்டோரியா அரசியும் கணவரும் பிள்ளைகளும் சோடித்த மரத்தைச் சூழ்ந்து நிற்கும் சித்திரம் லண்டன் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. அதன்பின் நடுத்தர வகுப்பார் அதனைப் பற்றிக்கொண்டனர். 1850இல் அமெரிக்கப் பெண்கள் சஞ்சிகையொன்று அதே சித்திரத்தை மறுபதிப்புச் செய்தபோது அரசியின் முடியை அழித்துவிட்டு வெளியிட்டது. அரசகுடும்பம் ஒரே நாளில் அமெரிக்கக் குடும்பமாயிற்று!

கத்தோலிக்க மக்களுக்கோ நெடுங்காலம் மரம் அந்நியமாகவே இருந்தது. அவர்களுடைய வழக்கம் பாலன் குடில். 1223ஆம் ஆண்டிலே இத்தாலியின் கிரேச்சியோ என்னும் ஊரில் ஏழைகளின் துறவியான அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலிலிருந்து அம்மரபு வளர்ந்தது. மாட்டுத் தொழுவமும் வைக்கோலும் உழைப்பாளியின் வீட்டுக்குப் புதியவையல்ல. மரத்தைப் புரட்டஸ்தாந்தரின் வழக்கம் என்று ஒதுக்கியோர் பலர். வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில் முதன்முதலாக நத்தார் மரம் நிறுத்தப்பட்டது 1982இலேதான். ஆகவே மரத்தைச் சமயத்தின் கட்டளை என்று கொள்வதற்கு வரலாற்றில் இடமில்லை.

மரத்தில் தொங்கும் பொருள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் லவுஷா என்னும் மலையூரில் கண்ணாடி உருண்டைகளை ஊதிச் செய்யத் தொடங்கினர். அது குடிசைத் தொழில். தந்தை ஊத, தாய் வெள்ளிப்பூச்சிட, பிள்ளைகள் வண்ணந்தீட்ட, இரவும் பகலும் குடும்பமே உழைத்தது. அவற்றை மலிவாக வாங்கிய அமெரிக்க வணிகர்கள் பெருஞ்செல்வம் ஈட்டினர். இன்று உலகச் சந்தையை நிறைக்கும் பிளாஸ்டிக் மரங்களிலும் மின்மினி விளக்குகளிலும் பெரும்பங்கு சீனாவின் யீவு நகரத்தையும் அதன் சுற்றுப்புறத் தொழிற்சாலைகளையும் சார்ந்தது. நாடு மாறிற்று, ஒருவர் வீட்டு மகிழ்ச்சிக்கு இன்னொருவரின் மலிவான உழைப்பு என்னும் முறை மாறவில்லை.

இடதுசாரிகள் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தியொன்றும் இங்கே உண்டு. சோவியத் ஆட்சியில் 1920களின் இறுதியில் இம்மரம் மூடப்பழக்கம் என்றும் பூர்ஷ்வா வழக்கம் என்றும் ஒதுக்கப்பட்டது. 1935 டிசம்பர் 28ஆம் நாள் ‘பிராவ்தா’ இதழில் பாவெல் போஸ்திஷெவ் எழுதிய கடிதம் அந்நிலையை மாற்றியது. செல்வர் வீட்டு மரத்தைச் சாளரத்தின் வழியே ஏக்கத்தோடு பார்த்த தொழிலாளர் பிள்ளைகளுக்கு அம்மகிழ்ச்சியை ஏன் மறுக்கவேண்டும் என்பது அவர் வாதம். மரம் புத்தாண்டு மரமாகத் திரும்பியது. கடிதம் எழுதியவரையே 1939இல் அதே ஆட்சி சுட்டுக் கொன்றது என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. எனினும் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. மரம் யாருடையது என்பதைவிட, அதன் அருகே நிற்க எந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பதே பெரிய கேள்வி.

இக்கேள்வியோடு வன்னிக்கு வருவோம். 1658இலே யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் துரத்தப்பட்டனர். 1670ஆம் ஆண்டளவில் மாந்தையைச் சேர்ந்த சில குடும்பங்கள் மாதாவின் சிலையைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் புகுந்தன. மடுத் திருத்தலத்தின் தொடக்கம் அதுவே. 1687இலே கோவாவிலிருந்து எளிய கூலியாளின் கோலத்தில் இலங்கைக்கு வந்த யோசேப் வாஸ் அடிகள், மறைந்து வாழ்ந்த இத்தகைய மக்களைத் தேடிச் சென்றார். வன்னிக் காட்டில் நத்தார் இவ்வாறு இடம்பெயர்ந்தோரின் விழாவாகவே வேரூன்றியது. அங்கே மரங்களுக்குக் குறைவில்லை; பாலையும் முதிரையும் வீரையும் கருங்காலியும் சூழ நின்றன. சோடிப்பதற்குப் பாதுகாப்பான வீடுதான் இருக்கவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் தம் பங்களாக்களில் நத்தார் மரம் வைத்தனர். மலைநாட்டில் அவர்கள் நட்டு வளர்த்த சைப்பிரஸ் மரங்கள் அதற்குப் பயன்பட்டன. வடபுலத்துக் கரையோர மக்கள் தமக்கென ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தனர். அதுவே சவுக்கு. சவுக்கு ஊசியிலை மரம் போலத் தோன்றும். ஆனால் தாவரவியலார் கணக்கில் அது அவ்வினமன்று. ஊசிபோலத் தெரிவன கணுக்கணுவான மெல்லிய தண்டுகளே. உப்புக் காற்றையும் மணலையும் தாங்கி நின்று, மீனவர் வீட்டுக்கு விறகும் கம்பும் தருகின்ற மரம் அது. அதன் கொப்பொன்றை மண் நிரப்பிய வாளியில் நிறுத்தி, பஞ்சைப் பனியாகத் தூவி, வண்ணத்தாளும் ஈயத்தாளும் வெட்டித் தொங்கவிட்டு, தீப்பெட்டிகளைப் பரிசுப் பொதிகளாகச் சுற்றிக் கட்டினால் நத்தார் மரம் ஆயிற்று. முற்றத்திலே ஈர்க்கும் மெல்லிய தாளும் கொண்டு செய்த நட்சத்திர வெளிச்சக்கூடு. மூலையிலே வைக்கோல் வேய்ந்த பாலன் குடில். இதனை வெறும் போலச்செய்தல் என்று இகழ்வது பொருந்தாது. வின்சர் மாளிகையிலிருந்து இறங்கிவந்த மரம், ஸ்திராஸ்பூர்க் மக்களின் காகிதப் பூக்களுக்கே இங்கு மீண்டுவிட்டது. இவ்வேலையில் மூத்தவருக்கும் இளையவருக்கும் பங்குண்டு. காசுக்கு இடம் குறைவு.

பின்னர் போர் வந்தது. 1990 முதல் 2002 வரை நிலவிய பொருளாதாரத் தடையின்கீழ் பெற்றோலும் டீசலும் சீமெந்தும் பற்றரியும் தடுக்கப்பட்ட பொருள்களாயின. மின்சாரம் அற்றுப்போயிற்று. சிறிதளவு மண்ணெண்ணெயில் திரியிட்டு எரித்த ஜாம் போத்தல் விளக்கே வீட்டின் ஒளி. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, அவர்களுள் பெருந்தொகையினர் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1996இல் கிளிநொச்சி மக்களே தம் நகரை விட்டோடினர். மரத்தடிகளும் பாடசாலைக் கட்டடங்களும் தறப்பாள் கொட்டில்களும் வீடாயின.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்பின் சில நத்தார்கள் அமைதியாகக் கழிந்தன. அவற்றுள் ஒன்றின் மறுநாளே 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் எழுந்த ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையோரத்தை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கத்தோலிக்க மீனவர் குடியிருப்புகள் நிறைந்த கரை அது. முந்திய நாள் விழாக் கண்ட இல்லங்கள் அத்திவாரத்தோடு போயின.

2008 ஏப்ரலில் மடுமாதாவின் சிலை மறுபடியும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1670இன் வரலாறு திரும்பவும் நடந்தது. அவ்வாண்டு நத்தாரன்று கிளிநொச்சி நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. 2009 சனவரி 2இல் அது படையினர் கைக்குச் சென்றது. மக்கள் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்து, மே மாதத்தில் முள்ளிவாய்க்காலின் மணலில் வந்து முடிந்தனர். உயிர்தப்பியோரில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2009 நத்தார் பல்லாயிரவருக்கு வவுனியா மாவட்டத்து மெனிக்பாம் கூடாரங்களில் வந்தது. அம்முகாம் 2012 செப்டெம்பரிலேதான் மூடப்பட்டது.

வீட்டுரிமைக்கும் விழாவுக்கும் உள்ள உறவை இரணைதீவு மக்களைப்போல் விளக்கியவர் வேறெவருமிலர். கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரிவைச் சேர்ந்த இரட்டைத் தீவு அது; அங்கு வாழ்ந்தோர் கத்தோலிக்க மீனவர். 1992இலே அவர்கள் வெளியேற நேர்ந்தது. பெருநிலப்பரப்பில் இரணைமாதாநகரில் குடியேறினர். போர் முடிந்த பின்னரும் கடற்படை தீவில் நிலைகொண்டிருந்தது. 2017 மே முதலாம் நாள், உழைப்பாளர் தினத்திலே, அம்மக்கள் தம் போராட்டத்தைத் தொடங்கினர். ஓராண்டு நிறைவதற்குச் சில நாள்களே இருந்த வேளையில், 2018 ஏப்ரல் 23ஆம் நாள், எவருடைய அனுமதியையும் எதிர்பாராது, வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் ஏறித் தம் தீவில் இறங்கினர். பெண்கள் இப்போராட்டத்தின் முன்னணியில் நின்றனர். அடுத்த மாதம் அரசு இணங்கியது. இருபத்தாறு ஆண்டுகளின்பின் அத்தீவு மக்கள் தம் சொந்த மண்ணில் நின்று கொண்டாடக்கூடிய நத்தார் 2018 டிசம்பரில் வந்தது. கூரையற்ற சுவர்களும் காடு மண்டிய வளவுகளுமே எஞ்சியிருந்தன. ஆயினும் நிலம் தமது. 2021 மார்ச்சிலே கொரோனாவால் இறந்தோரைப் புதைக்கும் இடமாக அதே தீவை அரசு அறிவித்தபோது அவர்கள் மீண்டும் எதிர்த்தெழுந்தனர். உடல்கள் பின்னர் ஓட்டமாவடியில் அடக்கஞ்செய்யப்பட்டன. இறந்தோரை அவமதிப்பது அவர்கள் எண்ணமன்று. தம் இருப்பிடம் மனிதர் வாழும் இடமென்பதை அரசுக்கு மறுபடியும் எடுத்துச்சொல்ல நேர்ந்தது என்பதே துயரம்.

இன்று கிளிநொச்சி, வவுனியாக் கடைகளில் மடித்து விரிக்கும் பிளாஸ்டிக் மரங்கள் விற்பனையாகின்றன. அதனை வாங்குவோரைக் குறைசொல்வதில் பயனில்லை. ஆண்டுக்கணக்கில் விளக்கின்றி இருந்தவன் வீட்டில் வண்ண விளக்கு எரிய விரும்புவது இயல்பு. ஆனால் கடைமரம் வந்ததால் விழா மீண்டுவிட்டது, ஆகவே வாழ்வும் மீண்டுவிட்டது என்று கணக்கு முடிப்பாரை நாம் நம்புதல் கூடாது. நிலம் திரும்பாத குடும்பங்கள் உள்ளன. நிலம் திரும்பியும் பிள்ளை திரும்பாத வீடுகள் உள்ளன. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் எத்தனையோ நத்தார்களைத் தெருவோரத்தில் கண்டது.

வன்னியின் ஆசிரியர்களும் மாணவர்களும் இது தொடர்பாகச் செய்யக்கூடிய ஒரு பணி உண்டு. வகுப்பிலுள்ள கிறிஸ்தவ மாணவர் தம் வீட்டு முதியோரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: எந்தெந்த ஆண்டில் நத்தார் மரம் வைத்தீர்கள், எங்கே வைத்தீர்கள், வைக்காத ஆண்டுகள் எவை, ஏன்? சைவ மாணவர் பொங்கற்பானையைப் பற்றியும் முஸ்லிம் மாணவர் பெருநாளைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்கட்டும். விடைகளை ஆண்டுவாரியாக ஒரு கொப்பியில் எழுதி வைத்தாற் போதும். பாடநூல்கள் எழுதாமல் விட்ட வன்னி வரலாற்றின் பெரும்பகுதி, மரம் வைக்காத ஆண்டுகளின் எதிரே எழுதப்படும் காரணங்களில் கிடைக்கும். அவற்றைச் சொல்லக்கூடிய முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.