அரிச்சுவடி: வாய் இட்ட பெயர்

பங்குச்சந்தைக்கு அரிச்சுவடி எழுதுகிறார்கள், சமையலுக்கு எழுதுகிறார்கள், அரிச்சுவடிகூடத் தெரியாதவர் என்று அரசியல் மேடையில் ஒருவரை ஒருவர் சாடிக்கொள்கிறார்கள். குழந்தை எழுத்தறியத் தொட்ட முதல் ஏட்டின் பெயர், எந்தத் துறைக்கும் அடிப்படை என்று பொருள் விரிந்து நாளேட்டுத் தமிழில் நலமாகவே வாழ்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பையில் இருப்பதற்கோ பாடநூல் என்று பெயர். கடைகளில் விற்கும் சில மெல்லிய புத்தகங்களின் அட்டையில்தான் அரிச்சுவடி என்னும் பெயரை அதன் பழைய பொருளில் இன்னும் காணலாம். சொல்லை நேசிப்பவர்களுக்கு இந்தப் பெயர் ஒரு புதையல். மெல்லப் பிரித்துப் பார்ப்போம்.

பின்பாதி எளிது. ஓலைகளை ஒரே அளவாக நறுக்கித் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டமிட்டுக் கட்டினால் அது சுவடி. எழுத்தாணி கீறிய தடத்தில் மை தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் துலங்கும். அந்தத் தடத்தை நினைக்கையில் சுவடு, சுவடி என்னும் இரு சொற்களும் காதில் சேர்ந்தே ஒலிக்கின்றன.

முன்பாதியில்தான் சுவை. அரி என்றால் தமிழில் வெட்டு, அறு என்றும் பொருள் உண்டாகையால், எழுத்தாணியால் அரியப்பட்ட சுவடி என்று தனித்தமிழ் விளக்கம் காண நமக்கு ஆசை எழுவது இயல்பு. ஆனால் சொல்லே அதற்கு இடம் கொடுப்பதில்லை. அரி வினைப்பகுதியாயின் தொடர் வினைத்தொகையாகி, விரிசடை போல, எரிதழல் போல, ஒற்று மிகாமல் அரிசுவடி என்றே நின்றிருக்கும். இங்கே சகர ஒற்று மிக்கு நிற்கிறது. எனவே அரி பெயர்ச்சொல். அரியைத் தொடக்கமாக உடைய சுவடி என்று உருபும் பயனும் உடன்தொக்க தொகையாக விரிகிறது. வடமொழி ஹரி, ஹாரம் ஆரமானது போலவும் ஹனுமான் அனுமனானது போலவும் முதலெழுத்தின் மூச்சை உதறிவிட்டு அரியாகித் தமிழுக்குள் வந்தது. கடன் வாங்கிய சொல்லைக் கடன் என்று ஒப்புக்கொள்வதால் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. வாங்கியதைத் தன் ஒலிக்குள் இழைத்துக்கொண்ட திறத்தில்தான் எனக்குப் பெருமை.

அந்த அரி தனியே வரவில்லை. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் எழுத்துகளுக்கு முன் ஒரு வணக்கத்தைச் சொல்லித் தொடங்கினார்கள்: 'அரி நமோத்து சிந்தம்.' இதன் பின்னிரு சொற்கள் 'நமோஸ்து சித்தம்' என்பதன் திரிபு. ஸகரமும் தகரமும் மயங்கிய மெய்ம்மயக்கம் தமிழ் நாவுக்கு ஒவ்வாமையால் நமோஸ்து நமோத்தாயிற்று. சித்தம் வலி மெலிந்து சிந்தமாயிற்று. பொருள் தெரியாமல், இசைக்காகவே ஆயிரம் வாய்கள் ஓதிய தொடர் இப்படித்தான் தேயும். சித்தரை வணங்கும் இவ்வழக்கு சமணர் தந்தது என்பர். பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த சமணப் பள்ளிகளின் நினைவை, பள்ளி என்னும் சொல்லைப் போலவே, இந்தத் தொடரும் சுமக்கிறது. சமண வணக்கத்தின் தலையில் திருமாலின் பெயர் வந்து அமர்ந்தது. இரண்டு நெறிகள் ஒரு குழந்தையின் வாயில் பிணக்கின்றி ஒன்றாயின.

அண்டை வீடுகளை எட்டிப் பார்த்தால் ஐயம் முழுவதும் தீரும். தெலுங்கர் நெடுங்கணக்கை ஓனமாலு என்கிறார்கள். 'ஓம் நம' என்று தொடங்கிய வணக்கமே பெயராகி, பன்மை விகுதியும் ஏற்று நிற்கிறது. மலையாளத்தில் எழுத்தினிருத்து நாளன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் 'ஹரிஸ்ரீ கணபதயே நம' என்று எழுதவைப்பார்கள். ஹரிஸ்ரீ என்றாலே அங்கே எழுத்தின் தொடக்கம்தான். வடநாட்டில் 'ஓம் நம சித்தம்' சிதைந்து ஓநாமாசி ஆனது. சித்தம் போன தொலைவு இன்னும் பெரிது. பௌத்தத் துறவிகளோடு சீனம் சென்று, 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூக்காய் என்னும் துறவியின் வழியாக ஜப்பானில் வேரூன்றிய இந்திய எழுத்துமுறைக்குப் பெயரே சித்தம். நம் திண்ணையில் சிந்தமென்று மெலிந்த அதே சொல், அங்கே ஷித்தன் என்று ஒலிக்கிறது.

இங்கெல்லாம் ஒரே வழக்கம்தான்: நூலுக்குப் பெயரிட்டது ஆசிரியர் அல்லர், அதை ஓதிய வாய். முதலில் எது ஒலித்ததோ அதுவே பெயர். அரிச்சுவடி முடித்த பிள்ளை அடுத்துக் கையிலெடுத்த ஆத்திசூடி, கொன்றை வேந்தன், வெற்றி வேற்கை ஆகிய மூன்றும் தொடக்கச் சொற்களாலேயே அழைக்கப்பட்டன. மூதுரைக்கும் வாக்குண்டாம் என்று வாய் இட்ட பெயர் உண்டு. நெடுங்கணக்கு என்பது மட்டும் புலவர் இட்டது போலத் தோன்றும். அதிலும் கணக்கு என்பது எண் மட்டுமன்று, எழுத்தும்தான். எழுத்தறிவித்தவர் கணக்காயர், நக்கீரரின் தந்தையை மதுரைக் கணக்காயனார் என்றே சங்கத் தொகைகள் குறிக்கின்றன. எண்ணையும் எழுத்தையும் பிரிக்காத அந்தப் பழைய நோக்கு, 2022இல் தமிழ்நாட்டு அரசு தொடக்க வகுப்புகளுக்குக் கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் பெயரில் மீண்டும் ஒலிப்பது எனக்கு மகிழ்ச்சி.

யாழ்ப்பாணத்தார் அரிவரி என்பார்கள். முதலாம் வகுப்புக்கு முந்திய வகுப்புக்கே அரிவரி என்று பெயர் வழங்கியது. வரி என்றால் கோடு, எழுத்தின் வடிவம். சுவடி பொருளைச் சுட்ட, வரி குழந்தையின் விரல் செய்யும் செயலைச் சுட்டுகிறது. அந்த விரலுக்கு முதலில் கிடைத்தது ஓலையன்று, மணல். ஆசிரியர் மணலில் ஓர் எழுத்தை வரைவார். பிள்ளை அதன் மேலேயே விரலோட்டியபடி அதன் பெயரை உரக்கச் சொல்வான். மணலைக் கலைத்துவிட்டு மறுபடியும் வரைவான். கண்ணும் கையும் காதும் ஒரே நேரத்தில் ஓர் எழுத்தைப் பற்றிக்கொள்ளும் இந்த முறையைக் கண்டு வியந்த ஆண்ட்ரூ பெல், எழும்பூரில் தம் பொறுப்பிலிருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் அதைக் கையாண்டார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797இல் இலண்டனில் நூலாக்கினார். நம் திண்ணைச் சட்டாம்பிள்ளை செய்த வேலை இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' ஆயிற்று.

அச்சு வந்தபின் சுவடி சுவடியாக இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் தாளில் வந்தன. நாளடைவில் அரியும் தொடக்கத்திலிருந்து நீங்கியது. அம்மாவும் ஆடும் அங்கே வந்தார்கள். பெயரின் இரு பாதிகளும் பொருளிழந்த பின்னும் பெயர் மட்டும் நின்றது.

நூற்பெயரின் பொருள் இப்படி மங்கினாலும், எழுத்துகளுக்கு வாய் இட்ட பெயர்கள் மங்கவில்லை. இலக்கணம் அகரம், ஆகாரம் என்று கரமும் காரமும் சாரியையாகத் தரும். குழந்தையோ அனா, ஆவன்னா, இனா, ஈயன்னா, உனா, ஊவன்னா என்கிறது. குறிலுக்கு 'னா', நெடிலுக்கு 'அன்னா' என்று வாய்ப்பாடே வேறு! இன்னும் உற்றுக் கேளுங்கள். ஈ, ஏ, ஐ ஆகியவற்றின் பின் யகரமும், ஆ, ஊ, ஓ, ஔ ஆகியவற்றின் பின் வகரமும் தோன்றுகின்றன: ஈயன்னா, ஏயன்னா, ஐயன்னா, ஆவன்னா, ஊவன்னா, ஓவன்னா, ஔவன்னா. நன்னூல் சொல்லும் உடம்படுமெய்ப் புணர்ச்சி இதுதான். மணலில் விரல் வைத்த அன்றே பிள்ளை அதைப் பிழையின்றிச் செய்துவிடுகிறது. கடைசியில் நிற்கும் ஆய்தத்தை அது அக்கன்னா என்கிறது. இலக்கண நூலார் அதற்கு இட்ட பெயர்களுள் ஒன்று அஃகேனம்.