தொடர்திருகுத் துரப்பண நிலத்தூண்

தொடர்திருகுத் துரப்பண நிலத்தூண் என்பது, நிலத்தைத் துளைத்த துரப்பணத்தின் உள்ளீடற்ற தண்டு வழியாகவே காங்கிரீட்டை அடியிலிருந்து செலுத்தி, துரப்பணம் மேலெழும்போதே வார்க்கப்படும் ஆழ் அடித்தள உறுப்பு ஆகும். நிலத்தூணைப் 'பைல்' என்றும், நீண்ட திருகு வடிவிலான துரப்பணத்தை 'ஆகர்' என்றும் கட்டுமானத் தொழிலில் அழைப்பர்.

இம்முறையில் துளை எந்நேரத்திலும் வெறுமையாக விடப்படுவதில்லை. முதலில் திருகும் அதன் அலகுகளில் தங்கிய மண்ணும் துளையைத் தாங்குகின்றன. பின்னர் அவ்விடத்தைக் காங்கிரீட் நிரப்புகிறது. எனவே தளர்ந்த மணல், இளகிய களிமண், மேல்மட்ட நிலத்தடி நீர் ஆகியன சேர்ந்துள்ள கடலூர், சிதம்பரம் போன்ற ஆற்றுமுக நிலங்களுக்கு இது பொருந்தக்கூடிய முறையாகும். ஆயினும், துளை திறக்கப்படாததால் தூண் உருவாவதை எவரும் கண்ணால் காண இயலாது. துரப்பணம் மேலெழும் வேகமும் காங்கிரீட் உட்செல்லும் அளவும் ஒன்றுக்கொன்று இசைந்திருப்பதிலேயே தூணின் தரம் தங்கியுள்ளது.

நிலத்தூணின் தேவை

கட்டடத்தின் சுமையை மேல்மட்ட மண் தாங்காதபோது அச்சுமையை ஆழத்திலுள்ள உறுதியான அடுக்குக்குக் கொண்டு செல்ல நிலத்தூண்கள் அமைக்கப்படுகின்றன. ஒரு நிலத்தூண் இரு வழிகளில் சுமையைத் தாங்குகிறது. தூணின் பக்கப்பரப்புக்கும் மண்ணுக்கும் இடையிலான உராய்வு ஒன்று. தூணின் அடிப்பகுதிக்குக் கிடைக்கும் தாங்குதிறன் மற்றொன்று. பல தூண்களின் தலைகளை இணைத்து வார்க்கப்படும் காங்கிரீட் கட்டை 'பைல் கேப்' எனப்படுகிறது. அதன்மீது கட்டடத்தின் தூண்கள் எழுப்பப்படும்.

கடலூர், சிதம்பரம் பகுதிகளின் நிலம்

கடலூர் மாவட்டத்தின் நிலம் ஒரே தன்மையுடையது அன்று. கடலூர் நகருக்கு மேற்கே கேப்பர் மலையில் செந்நிற மணற்கல் வெளிப்படுகிறது. நிலவியலில் இவ்வகைப் படிவுகள் இந்நகரின் பெயராலேயே 'கடலூர் மணற்கல்' எனக் குறிக்கப்படுகின்றன. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் இப்படிவுத் தொகுதியிலேயே அமைந்துள்ளது. கடலோரத்திலும் பெண்ணையாறு, கெடிலம், உப்பனாறு ஆகியவற்றின் கரைகளிலும் ஆற்று வண்டலும் கடல் மணலும் படிந்துள்ளன.

சிதம்பரம் வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட சமவெளியில் உள்ளது. இங்கு களிமண்ணும் மணலும் மாறிமாறி அடுக்கடுக்காகக் காணப்படுகின்றன. ஆறுகள் காலந்தோறும் தடம் மாறியதால், அருகருகே உள்ள இரு மனைகளில்கூட அடுக்குகளின் தடிப்பு வேறுபடலாம். கிழக்கே பிச்சாவரம் அலையாத்திக் காடுகளை அடுத்த நிலம் உவர்நீர் ஊறிய சேற்று நிலமாகும்.

எனவே ஓரிடத்தின் மண் ஆய்வை அடுத்த இடத்திற்குப் பயன்படுத்துவது தவறாக முடியும். ஒவ்வொரு கட்டடத்திற்கும் தனியாகத் துளையிட்டு நியம ஊடுருவல் சோதனை செய்ய வேண்டும். இச்சோதனையில் 63.5 கிலோகிராம் எடையுள்ள சம்மட்டி 75 செ.மீ. உயரத்திலிருந்து விழச் செய்யப்படுகிறது. மாதிரிக்குழாய் கடைசி 30 செ.மீ. இறங்கத் தேவையான அடிகளின் எண்ணிக்கை மண்ணின் உறுதியைக் காட்டுகிறது.

வெள்ளத்திற்கு அஞ்சித் தாழ்ந்த மனைகளை மண்ணிட்டு உயர்த்துவது இம்மாவட்டத்தில் வழக்கம். இளகிய களிமண்ணின்மீது கொட்டிய மண், அடியிலுள்ள களிமண்ணைச் சிறிது சிறிதாக அமிழச் செய்கிறது. அமிழும் களிமண் தூணையும் கீழ்நோக்கி இழுக்கும். இது எதிர் உராய்வு எனப்படும். தூணைத் தாங்க வேண்டிய உராய்வே அதற்குச் சுமையாகிவிடுவதால், வடிவமைப்பில் இதனைக் கணக்கிட வேண்டும்.

பிற முறைகள்

இப்பகுதி ஆறுகளில் பழைமையான ஆழ் அடித்தள முறை கிணறு இறக்குதல் ஆகும். செங்கல்லால் கட்டிய வட்டச் சுவரின் உட்புற மணலைத் தோண்டி எடுக்க, சுவர் தன் எடையால் கீழே இறங்கும். கொள்ளிடத்தில் 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் அமைத்த அணைகளின் அடித்தளத்திலும் மணலில் இறக்கிய கிணறுகள் பயன்பட்டன. அவற்றுள் ஒன்றான அணைக்கரை கீழணையிலிருந்தே கடலூர் மாவட்டத்தின் வீராணம் ஏரிக்கு நீர் செல்கிறது.

விரிந்து சுருங்கும் களிமண்ணில் சிறிய கட்டடங்களுக்கு, அடியில் குமிழ் போல் அகன்ற நிலத்தூண்கள் ஏற்றவை. இம்முறை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தால் இந்தியாவில் வளர்த்தெடுக்கப்பட்டது.

பெரிய கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் இந்தியாவில் பரவலாக உள்ளது துளையிட்டு வார்க்கும் முறையாகும். துளையின் சுவர் சரியாமல் இருக்க அதில் பெண்டோனைட் என்னும் களிமண் குழம்பு நிரப்பப்படுகிறது. பின்னர் கம்பிக்கூண்டை இறக்கி, 'ட்ரெமி' குழாய் வழியே அடியிலிருந்து காங்கிரீட் இடுவர். துளையின் அடியில் சேறு தங்குவதும், காலந்தாழ்த்தினால் சுவர் சரிவதும் இம்முறையின் இடர்கள் ஆகும். தொடர்திருகு முறையில் குழம்பும் இல்லை. திறந்த துளையும் இல்லை.

வரலாறு

இம்முறை 1940களின் இறுதியிலும் 1950களிலும் ஐக்கிய அமெரிக்காவில் உருவானது. தொடக்கத்தில் காங்கிரீட்டுக்குப் பதிலாகச் சிமெண்ட், மணல், நீர் கலந்த சாந்தே செலுத்தப்பட்டது. ஐரோப்பாவில் ஜல்லி கலந்த காங்கிரீட்டைப் பயன்படுத்தும் வழக்கம் வளர்ந்தது. ஆழத்தையும் அழுத்தத்தையும் அளவிடும் மின்னணுக் கருவிகள் வந்த பின்னரே இதன்மீது பொறியாளர்களுக்கு நம்பிக்கை பெருகியது. அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிருவாகம் 2007ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிக் கையேடு வெளியிட்டது. இந்தியாவில் வார்ப்பு நிலத்தூண்களுக்கான பொது விதிகள் ஐ.எஸ். 2911 என்னும் தரநிலையில் உள்ளன.

செய்முறை

1. இயந்திரம் நிற்கும் தளம் முதலில் உறுதிப்படுத்தப்படுகிறது. இயந்திரம் பல பத்து டன் எடையுள்ளது. ஆதலால் நெல்வயல்களை ஒட்டிய மனைகளில், குறிப்பாக வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கிராவல் அல்லது கல்துகள் பரப்பிக் கெட்டிக்க வேண்டும்.

2. தண்டின் அடிவாய் ஓர் அடைப்பால் மூடப்பட்டு, துரப்பணம் குறித்த ஆழம் வரை இடைவிடாமல் திருகி இறக்கப்படுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு புரி இடைவெளி அளவு இறங்குவது நன்று. இறங்காமல் ஒரே இடத்தில் சுழன்றால், சுற்றியுள்ள மணலைத் திருகு மேலே வாரிக்கொண்டு வரும்.

3. ஆழத்தை அடைந்ததும் துரப்பணம் சற்றே உயர்த்தப்பட்டு, காங்கிரீட் அழுத்தத்துடன் செலுத்தப்படுகிறது. அடைப்பு திறந்து, அடியில் போதிய அழுத்தம் உண்டான பின்னரே துரப்பணத்தை உயர்த்தத் தொடங்க வேண்டும்.

4. காங்கிரீட் தொடர்ந்து செல்ல, துரப்பணம் ஒரே சீராக உயர்த்தப்படுகிறது. அப்போது அது சுழலாமலோ, துளைத்த திசையிலேயே மெதுவாகச் சுழன்றோ வரலாம். எதிர்த்திசையில் சுழற்றினால் அலகுகளில் உள்ள மண் காங்கிரீட்டினுள் விழும்.

5. தூணின் வாயைச் சூழ்ந்த மண் உடனே அகற்றப்பட்டு, இளகிய காங்கிரீட்டினுள் கம்பிக்கூண்டு இறக்கப்படுகிறது. கூண்டு நடுவில் நிற்க அதன் பக்கங்களில் இடைவெளிக் கட்டைகள் பொருத்தப்படும். தன் எடையால் இறங்காத கூண்டை மென்மையாக அழுத்தியோ அதிர்வித்தோ இறக்குவர்.

6. காங்கிரீட் இறுகிய பின், மண் கலந்த மேற்பகுதி உடைத்தெடுக்கப்பட்டு, நல்ல காங்கிரீட் தெரியும் மட்டத்தில் தூணின் தலை அமைக்கப்படுகிறது.

காங்கிரீட்டின் அளவு: ஓர் எடுத்துக்காட்டு

600 மி.மீ. விட்டமும் 18 மீட்டர் நீளமும் உள்ள தூணின் குறுக்குப் பரப்பு 0.283 சதுர மீட்டர். ஆகவே மீட்டருக்கு 0.283 கன மீட்டரும், முழுத் தூணுக்கு ஏறத்தாழ 5.1 கன மீட்டரும் காங்கிரீட் தேவை. சுவரின் மேடுபள்ளங்களையும் மண்ணினுள் பரவுவதையும் கருதி, இதைவிடக் கூடுதலாகவே செலவாகும். 15 விழுக்காடு கூடுதல் எனக் கொண்டால் 5.9 கன மீட்டர் ஆகிறது.

துரப்பணம் ஒரு மீட்டர் உயரும்போது 0.2 கன மீட்டர் மட்டுமே உட்சென்றதாகக் கொள்வோம். அப்பகுதியில் தூணின் விட்டம் ஏறத்தாழ 505 மி.மீ. அளவே இருக்கும், குறுக்குப் பரப்பில் 29 விழுக்காடு குறைந்துவிடும். வேறோர் ஆழத்தில் இளகிய களிமண்ணைத் தள்ளிக்கொண்டு காங்கிரீட் பருத்திருந்தால், மொத்தக் கணக்கு 5.9 கன மீட்டராகவே காட்டும். அதாவது, மொத்த அளவு சரியாக இருப்பது மட்டும் தூண் சரியாக உள்ளதற்குச் சான்றாகாது. ஒவ்வொரு மீட்டருக்கும் சென்ற அளவைப் பதிவு செய்வது இன்றியமையாதது.

குறைகள் தோன்றும் விதம்

* கழுத்து ஒடுங்குதல்: துரப்பணத்தை விரைவாக உயர்த்தினால், காங்கிரீட் நிரம்பும் முன் மண்ணும் நீரும் உட்புகும். இளகிய களிமண் அடுக்குகளில் இது மிகுதி.
* மண் தளர்தல்: மணலில் துரப்பணம் இறங்காமல் சுழன்றால் சுற்றுப்புற மண் தளர்ந்து உராய்வு குறையும். அருகிலுள்ள பழைய கட்டடங்களும் அமிழக்கூடும்.
* இடைநிறுத்தம்: காங்கிரீட் வண்டி தாமதமானால் வார்ப்பு நடுவில் நின்றுவிடும். காங்கிரீட் இளகியிருக்கும்போதே துரப்பணத்தை நின்ற மட்டத்திற்குக் கீழே மீண்டும் இறக்கித் தொடர வேண்டும். இறுகத் தொடங்கிவிட்டால் அத்தூணைக் கைவிட்டு, வடிவமைப்பாளரின் ஒப்புதலுடன் மாற்றுத் தூண் அமைக்க வேண்டும். எனவே முழுத் தூணுக்கும் வேண்டிய காங்கிரீட் உறுதியாகும் முன் துளைக்கத் தொடங்கலாகாது.
* அண்டைத் தூண் பாதிப்பு: புதிதாக வார்த்த தூணுக்கு மிக அருகில் துளைத்தால் இறுகாத காங்கிரீட் அத்துளைப் பக்கம் சரியும். ஆதலால் தூண்கள் வரிசையாக அன்றி, இடம் விட்டு இடம் வார்க்கப்படுகின்றன.

உவர் நீரும் காங்கிரீட்டும்

கடலோரத்திலும் கழிமுகங்களிலும் நிலத்தடி நீரில் உள்ள குளோரைடு கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்கிறது. சல்பேட்டு காங்கிரீட்டைச் சிதைக்கிறது. எனவே மண்ணுடன் நீரையும் ஆய்வு செய்து, சல்பேட்டு எதிர்ப்புச் சிமெண்ட், கசடுச் சிமெண்ட் அல்லது எரிசாம்பல் கலந்த சிமெண்ட் ஆகியவற்றுள் ஏற்றதைத் தெரிவு செய்வர். ஐ.எஸ். 2911 தரநிலையின் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் நிலத்தூண்களுக்குக் குறைந்தது எம்25 தரக் காங்கிரீட் வேண்டும் என்கிறது. கம்பியின் மீதான காங்கிரீட் மூடல் 50 மி.மீ.க்குக் குறையலாகாது; உவர் நிலத்தில் இதனைக் கூட்டுவர். கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கினால் அந்த மூடல் கிடைக்காது. காங்கிரீட் குழாயில் அடைபடாமல் செல்லவும் கூண்டு எளிதில் இறங்கவும் நன்கு இளகியதாக இருத்தல் வேண்டும். தளத்தில் நீரை ஊற்றி இளக்குவது வலிமையைக் குறைக்கும். அதற்கு இளக்கிகளே பயன்பட வேண்டும்.

சோதனைகள்

வார்த்த தூணின் தொடர்ச்சியை அறிய, அதன் தலையில் சிறு சுத்தியால் தட்டி எதிரொலி அலை அளவிடப்படுகிறது. இதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 14893:2001 ஆகும். காங்கிரீட்டில் அலை நொடிக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் வேகத்தில் செல்வதால், 18 மீட்டர் தூணின் அடியிலிருந்து 9 மில்லி நொடியில் எதிரொலி வரவேண்டும். அதற்கு முன்னரே வரும் எதிரொலி, இடையில் ஒடுக்கமோ பிளவோ இருக்கலாம் எனக் காட்டும். சிறு குறைகள் இதில் தப்பிவிடக்கூடும். ஆகவே இது வார்ப்புப் பதிவுகளுக்கு மாற்றாகாது.

தாங்குதிறனை உறுதி செய்யச் சுமைச் சோதனை செய்யப்படுகிறது. பணி தொடங்கும் முன் தனியாக வார்த்த சோதனைத் தூணின்மீது வடிவமைப்புச் சுமையைப்போல் 2.5 மடங்கும், கட்டடத்திற்குரிய தூண்களுள் தெரிவு செய்தவற்றின்மீது 1.5 மடங்கும் ஏற்றி, அமிழ்வை அளவிடுவர்.

முறையின் எல்லைகள்

இம்முறையில் ஓர் இயந்திரம் ஒரே நாளில் பல தூண்களை வார்க்க இயலும். சம்மட்டியால் அறையும் முறையில் உள்ள அதிர்வும் இதில் இல்லை. ஆயினும் கடினப் பாறையையும் மிகக் கெட்டியான அடுக்குகளையும் திருகு துளைக்காது. வார்த்த பின்னரே கூண்டு இறக்கப்படுவதால் மிக நீண்ட கூண்டுகள் இதற்குப் பொருந்தா. சிதம்பரம் நகரின் உள்தெருக்கள் போன்ற குறுகிய இடங்களில் இயந்திரம் நுழைவதும் கடினம். ஓடும் ஆற்றின் நடுவே பாலம் அமைக்கவும் பிற முறைகளே விரும்பப்படுகின்றன.

கடலூர் மாவட்டம் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, 2011ஆம் ஆண்டின் தானே புயல், 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளம் ஆகியவற்றால் பெரும் பாதிப்புக்கு உள்ளானது. இத்தகைய நாட்களில் மக்கள் தஞ்சம் புகும் பள்ளி, மருத்துவமனை, புகலிடம் ஆகியவற்றின் உறுதி அவற்றின் அடித்தளத்தில் தொடங்குகிறது. மண்ணுள் மறைந்துவிடும் நிலத்தூணைப் பின்னர் திருத்துவது அரிது. ஆகவே வார்க்கும் நேரத்தில் எடுக்கப்படும் ஆழம், அழுத்தம், காங்கிரீட் அளவு ஆகியவற்றின் பதிவேடு, தூணைப் போலவே கட்டடத்துடன் பாதுகாக்கப்பட வேண்டிய ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

* ஆழ் அடித்தளம்
* கிணற்று அடித்தளம்
* மண் விசையியல்
* கீழணை