பழைய உறுப்புகளும் புதிய இணைப்பும்: சறுக்குத் தண்டவாள அமைப்புகளில் காப்புரிமைக்குரிய புதுமையை அளக்கும் நெறி

ஒரு யந்திரத்தின் உறுப்புகள் யாவும் முன்னரே உலகறிந்தவையாக இருக்க, அவற்றை ஒன்றுசேர்த்தவனுக்கு மட்டும் இருபது ஆண்டுகளுக்குத் தனியுரிமை அளிப்பது நியாயமாகுமா என்னும் கேள்வி, காப்புரிமைச் சட்டத்தின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்றாயினும், இன்றளவும் தீர்ந்தபாடில்லை. இரசாயனத் துறையில் முன்பு எங்குமே இல்லாத ஒரு பொருள் தோன்றிவிடக்கூடும்; யந்திரத் துறையிலோ நெம்புகோல், உருளை, வில்சுருள், தண்டவாளம், தாழ் என விரல்விட்டு எண்ணத்தக்க அங்கங்களே வெவ்வேறு கூட்டில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவற்றுள்ளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும் தண்டவாள அமைப்பு, அதாவது மேசை இழுப்பறையைத் தாங்கும் சானல், கார் இருக்கையை முன்பின்னாக நகர்த்தும் தடம், லேத் படுக்கையின்மேல் ஓடும் வண்டி ஆகியவற்றைத் தன்னுள் அடக்கிய இனம், இக்கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்புகிறது. ஏனெனில் அங்கே உறுப்புகள் மிகச் சில, அவற்றின் தொழிலோ கண்ணுக்குப் பிரத்தியட்சம்.

இத்தகைய அமைப்பொன்று துறையறிந்தவனுக்கு எளிதிற் புலனாகத்தக்கதா என்பதைத் தீர்மானிக்க, உறுப்புகளின் வயதைக் கேட்பதும் போதாது. முழுமை தன் பகுதிகளின் கூட்டுத்தொகையை விஞ்சியதா என்று கேட்பதும் போதாது. உறுப்புகளைச் சேர்த்தபோது அச்சேர்க்கையிலிருந்தே ஒரு முரண் தோன்றியதா, தோன்றியிருப்பின் அதன் காரணமும் பரிகாரமும் முன்னிருந்த அறிவில் எழுதப்பட்டுக் கிடந்தனவா என்று கேட்பதே முறையாகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சறுக்கின் இயல்பு

கட்டற்ற ஒரு திடப்பொருளுக்கு மூன்று திசைகளில் நகர்ச்சியும் மூன்று அச்சுகளைப் பற்றிய சுழற்சியுமாக ஆறு வகை இயக்கங்கள் உண்டு. அவற்றுள் ஐந்தைத் தடுத்து ஒன்றை மட்டும் அனுமதிப்பதே சறுக்குத் தண்டவாளத்தின் தொழில். சொல்லளவில் எளிய இத்தொழில் செயலளவில் எளிதன்று. ஐந்து இயக்கங்களையும் இரண்டு தண்டவாளங்களும் தனித்தனியே தடுக்க முற்பட்டால், அவை அணுவளவு இணை பிறழ்ந்தாலும் ஒன்றோடொன்று போரிட்டு நகர்வை இறுக்கிவிடும்; அதனாலன்றோ லேத் செய்வோர் ஒரு பக்கத்தில் முக்கோண முகடும் மறுபக்கத்தில் தட்டைப் பரப்பும் அமைத்து, திசையைக் காக்கும் பொறுப்பை ஒன்றிடமும் சுமையைத் தாங்கும் பொறுப்பை மற்றொன்றிடமும் பகிர்ந்தளித்தனர்.

அகன்ற இழுப்பறையின் ஒரு மூலையைப் பற்றி இழுக்க, அது கோணிக்கொண்டு சிக்கிக்கொள்ளும் அனுபவம் எல்லார்க்கும் உண்டு. இழுக்கும் விசை அச்சினின்று விலகியிருக்கும் தூரம், தடத்தைப் பற்றியிருக்கும் நீளத்தை உராய்வுக் கெழுவின் இருமடங்கால் வகுத்தால் வரும் அளவை எட்டிவிட்டால், எவ்வளவு பலமாக இழுத்தாலும் இழுப்பறை அசையாது. உராய்வுக் கெழு 0.2 ஆயின் அவ்வளவு பற்று நீளத்தைப்போல் இரண்டரை மடங்காகும். விசை பெருகப் பெருக அதை எதிர்க்கும் உராய்வும் அதே வீதத்தில் பெருகுவதே இதற்குக் காரணம். ஆகவே தடத்தின் நீளத்தைக் கூட்டியவனோ, உராய்வைக் குறைக்கக் குண்டுகளை இட்டவனோ, இந்த நியதியை அறிந்தே செய்தான் என்று கொள்வது பொருந்தும்; அவன் செய்தது துறையின் பொதுச்சொத்தாகிய அறிவின் பிரயோகமே.

குண்டுகள் புகுந்தவுடன் வேறொரு தொல்லை பிறக்கிறது. நகரும் தண்டவாளம் செல்லும் தூரத்தில் பாதியளவே குண்டுகளைத் தாங்கிய கூடு செல்ல வேண்டும். ஆனால் அதிர்வினாலும் சீரற்ற சுமையினாலும் அக்கூடு சிறிது சிறிதாகத் தன் ஸ்தானத்தைவிட்டு ஊர்ந்து, ஓட்டத்தின் முடிவில் தடுப்பில் மோதி, நகர்வின் நீளத்தையே குறைத்துவிடுகிறது. வெறும் உலோகம் உலோகத்தின்மேல் வழுக்கிய நாளில் இல்லாத இத்தொல்லை, உருளலைச் சேர்த்ததனால் மட்டுமே உண்டாயிற்று. அதை அடக்கக் கூட்டினுள் பற்சக்கரமும் இரு தண்டவாளங்களிலும் பல்வரிசையும் அமைக்கும் வழியும் பின்னர் வந்தது. சேர்க்கையிலிருந்து பிறக்கும் முரண் என்று நான் சொல்வதற்கு இதுவே தக்க உதாரணம். ஊர்தலின் காரணத்தை முதன்முதல் கண்டு, அதற்குப் பரிகாரம் சமைத்தவன் வேறு. அப்பரிகாரம் பட்டறைகளில் பரவிய பின் அதைத் தன் இழுப்பறையில் பொருத்தியவன் வேறு. இவ்விருவரையும் பிரித்தறிய இயலாத சட்டம் எந்த அளவுகோலைக் கைக்கொண்டும் பயனில்லை.

கூட்டுத்தொகைச் சித்தாந்தம்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1851-இல் தீர்ப்பளித்த ஹாட்ச்கிஸ் எதிர் கிரீன்வுட் வழக்கில், உலோகத்தாலும் மரத்தாலும் செய்யப்பட்டுவந்த கதவுக் குமிழைக் களிமண்ணாலும் பீங்கானாலும் செய்ததொன்றே புதுமையாகக் காட்டப்பட்டது. சாதாரணக் கைவினைஞனின் திறமைக்கு மேற்பட்ட மதிநுட்பம் அதில் இல்லை என்று நீதிமன்றம் உரிமையை மறுத்தது. நூறாண்டு கழித்து, 1950 டிசம்பரில், நகரும் அமைப்பொன்றே அதன் முன் வந்தது. மளிகைக் கடையில் காசாளரின் மேடைமேல், மேலும் கீழும் மூடப்படாத மூன்று பக்கச் சட்டம் ஒன்றை வாடிக்கையாளர் வைத்த சரக்குகளோடு இழுத்து, அவற்றைக் காசாளர்முன் விட்டுவிட்டுப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளும் ஏற்பாடு அது. கிரேட் ஏ அண்டு பி தேயிலைக் கம்பெனி வழக்கென வழங்கும் அதில், கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் ஏற்ற உரிமையை நீதிபதி ஜாக்சன் தள்ளுபடி செய்து, பழைய உறுப்புகளின் கூட்டு தன் பகுதிகளின் தொகையை ஏதேனும் ஒருவகையில் விஞ்சினாலன்றி உரிமைக்கு அருகதையற்றது என்று விதித்தார்.

முடிவு சரியானதே, அதற்குச் சொன்ன காரணத்தில்தான் குறை இருக்கிறது. எந்த யந்திரமும் இயந்திரவியலின் நியதிகளை மீறி இயங்குவதில்லை. நெம்புகோல் எந்தக் கூட்டில் இருந்தாலும் நெம்புகோலாகவே தொழிற்படும், வில்சுருளும் அவ்வாறே. பகுதிகளின் தொகையை விஞ்சும் முழுமை என்பதை எழுத்துப்படி கொண்டால், யந்திரத் துறையில் எந்தக் கூட்டுமே தேறாது. உருவகமாகக் கொண்டாலோ, நீதிபதியின் வியப்புணர்ச்சியே அளவுகோலாகிவிடும். மேடைச் சட்டம் தோற்றதன் உண்மைக் காரணம் வேறு: சட்டமும் மேடையும் சேர்ந்தபோது ஒன்றின் தொழிலை மற்றொன்று தடுக்கவில்லை, தடுக்காததால் தீர்க்க வேண்டிய சிக்கலும் அங்கே எழவில்லை. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு, முன்னிருந்த அறிவுக்கும் கோரப்பட்ட பொருளுக்கும் உள்ள வேற்றுமை துறையறிந்த சாமானியனுக்கு எளிதிற் புலனாகுமா என்ற கேள்வியாக இதை மாற்றியமைத்தபோது, வியப்பின் ஸ்தானத்தில் விசாரணை அமர வழி திறந்தது.

மிதிப்பலகை வழக்கின் பாடம்

அவ்விசாரணை எவ்வாறு நடக்க வேண்டும் என்பதற்குச் சிறந்த சான்று 2007 ஏப்ரல் 30-இல் தீர்க்கப்பட்ட கே.எஸ்.ஆர். எதிர் டெலிஃப்ளெக்ஸ் வழக்கு. ஓட்டுநரின் உயரத்துக்கேற்ப முன்பின்னாக நகர்த்தத்தக்க ஆக்சிலரேட்டர் பெடலோடு, அதன் நிலையைக் கம்பிவழியே எஞ்சினுக்குத் தெரிவிக்கும் மின்னணு உணரியை இணைத்த எங்கல்காவின் உரிமைக்கோரல் அதில் பரிசீலிக்கப்பட்டது. பெடல் நகர்ந்தாலும் அதன் சுழற்சி அச்சு நகராதிருக்கும் அமைப்பு அசானோவின் உரிமைப் பத்திரத்தில் முன்னரே இருந்தது. ரெட்டிங்கின் பத்திரத்திலோ பெடலோடு அச்சும் சேர்ந்து வழுக்கியது. உரிமை அலுவலகத்தின் பரிசோதகர், நகராத அச்சு என்னும் வரையறை இல்லாத விரிந்த கோரலை ரெட்டிங்கின் பத்திரத்தையும், பின்னர் விளக்கப்படும் ஸ்மித்தின் பத்திரத்தையும் சேர்த்துக் காட்டி மறுத்தார். அவ்வரையறையைத் தாங்கிய நான்காம் கோரலை அனுமதித்தார். அசானோ அவர் பார்வைக்கு வரவேயில்லை.

இவ்வழக்கில் முரண் இருந்தது என்பதே கவனிக்கத்தக்கது. நகரும் உறுப்பின்மேல் உணரியை வைத்தால் அதன் கம்பிகளும் உடன் நகர்ந்து தேய்ந்து அறுபடும். நகர்த்தத்தக்க பெடலையும் மின்னணு உணரியையும் சேர்த்ததனால் மட்டுமே உண்டாகும் இடர் அது. ஆயின் மிதிக்கும் பலகையிலேயே உணரியை வைத்த ரிக்சனின் அமைப்பு இவ்விடரால் பழுதுபடுவது துறையில் தெரிந்திருந்தது. கம்பி தேயாதிருக்க உணரியை அசையாத பாகத்தில் பொருத்துக என்று ஸ்மித்தின் பத்திரம் பரிகாரமும் கூறியிருந்தது. அசையாத பாகம் எது என்று தேடுபவனுக்கு அசானோவின் நிலையான அச்சு கண்முன் நின்றது. முரணும் அதன் காரணமும் அதன் தீர்வும் மூன்று பத்திரங்களில் எழுதப்பட்டிருக்க, அவற்றைக் கோத்த கைக்கு உரிமையில்லை என்று நீதிபதி கென்னடி எழுதிய ஒருமித்த தீர்ப்பு முடித்தது. இப்பத்திரங்களைச் சேர்க்குமாறு பழைய பத்திரமே தூண்டியிருக்க வேண்டும் என்று கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டிப்பாக வேண்டியது, துறையறிந்தவனைத் தானே சிந்திக்கத் தெரியாத பொறியாகக் கருதியதற்கு ஒப்பாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இடர் அறியப்படாத இடம்

இவ்வளவுகோல் சிக்கலானவற்றுக்கே பரிசளித்து எளிமையின் அழகைத் தண்டிக்கும் என்று ஓர் ஆட்சேபம் எழலாம். அது பொருந்தாது என்பதற்கு 1923-ஆம் ஆண்டின் ஐபல் வழக்கு சாட்சி. காகித யந்திரத்தில் கூழைச் சுமந்தோடும் கம்பிவலையின் வேகத்தைக் கூட்டியபோது காகிதம் கெட்டது; வலையின் ஒரு முனையை உயர்த்திச் சரிவை மிகுத்ததே ஐபல் செய்தது. கூழின் வேகம் வலையின் வேகத்துக்கு ஈடாகாததே கேட்டின் மூலம் என்பதை அவருக்கு முன் ஒருவரும் உணரவில்லை. உணர்ந்தபின் முனையை உயர்த்துவது பிள்ளைச் செயல்தான். தலைமை நீதிபதி டாஃப்ட் அவ்வுரிமையைச் செல்லும் என்றார். பரிகாரம் எளிதாயினும் காரணம் மறைந்திருந்தது. மறைந்த காரணத்தைக் கண்டதே கண்டுபிடிப்பு.

இதற்கு மறுபுறம், இடர் நெடுநாள் தெரிந்திருந்தும் தீராதிருந்த நிலை. குத்திட்டு நிற்கும் இழைப்பரப்புக் கொண்ட விரிப்புகளை நெய்யும் தறியில் கம்பிகளை இயக்கும் பொறியொன்று, நாளொன்றுக்கு நாற்பது கெஜத்தைத் தாண்டாத நெசவை ஐம்பது கெஜமாக்கியதை, 1881-ஆம் ஆண்டின் தறிக் கம்பெனி எதிர் ஹிக்கின்ஸ் வழக்கு ஆதாரமாகக் கொண்டது. வெற்றி கண்ட பின் யாருக்கும் அது எளிதாகத் தோன்றலாம், எனினும் அத்தனை காலம் ஒருவரும் செய்யவில்லை என்பதே விடை என்றது. இங்கிலாந்தில் 1910-இல் நீதிபதி பிளெட்சர் மௌல்டன் விடுத்த எச்சரிக்கையும் இதுவே: முடிவை அறிந்தபின் அதற்கு முன்னுள்ள படிகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி அடுக்கி, எல்லாம் எளிது என்று காட்டுவது உரிமை பெற்றவனுக்கு அநீதியாகும். துறையறிந்தவன் அதைச் செய்திருக்கக்கூடுமா என்பதை விட்டு, உண்மையில் செய்திருப்பானா என்று கேட்கும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் நெறியும், டி 2/83 முடிவு முதல், இவ்வெச்சரிக்கையின் வழித்தோன்றலே. செய்திருப்பான் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அக்காரணத்தை இடரின் வரலாற்றில் தேடுக என்பதே நான் அதனோடு சேர்ப்பது.

நம் நாட்டின் நிலை

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பர் 13-இல் தீர்ப்பளித்த பிஷ்வநாத் பிரசாத் ராதேஷியாம் வழக்கு, பாத்திரங்களைக் கடைசல் செய்யும்போது லேத்தில் அழுத்தத்தால் பற்றிநிறுத்தும் சாதனத்தைப் பற்றியது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த அவ்வழக்கில் நீதிபதி சர்க்காரியா, பட்டறையில் நிகழும் சாதாரணச் சீர்திருத்தத்துக்கு மேற்பட்டதாக இல்லாத மாற்றம் உரிமைக்குரியதன்று என்று கூறி அவ்வுரிமையைச் செல்லாததாக்கினார். இப்போது 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2005-இல் திருத்தப்பட்ட வரையறை, தொழில்நுட்ப முன்னேற்றத்தையோ பொருளாதார முக்கியத்துவத்தையோ அவ்விரண்டையுமோ வேண்டி, அதனோடு துறையறிந்தவனுக்கு எளிதிற் புலனாகாமையையும் வேண்டுகிறது. பொருளாதார முக்கியத்துவம் ஒன்றே போதும் என்று இதை வாசிப்பாரின் கருத்து ஏற்கத்தக்கதன்று. இரண்டாவது நிபந்தனை முதலாவதோடு இணைந்தே நிற்கிறது. மலிவாக விற்கும் சானல் சமுதாயத்துக்குப் பிரயோஜனமாகலாம்; அதனாலேயே அது கண்டுபிடிப்பாகிவிடாது.

ஆதலின், சறுக்குத் தண்டவாள அமைப்பொன்றை மறுக்கவோ ஏற்கவோ முற்படும் பரிசோதகர் தம் உத்தரவில் மூன்றனை வெளிப்படையாக எழுதுதல் வேண்டும். கோரப்பட்ட உறுப்புகளைச் சேர்க்கையில் எது அசைகிறது, எது நிலைத்திருக்கிறது, அதனால் உராய்விலோ சுமையிலோ தளர்ச்சியிலோ என்ன இடர் பிறந்தது என்பது ஒன்று. அவ்விடரின் காரணம் விண்ணப்பத் தேதிக்கு முன் எந்த ஆவணத்தில் அறியப்பட்டிருந்தது என்பது இரண்டு. அதற்குக் கோரப்பட்ட பரிகாரத்தை ஒத்த பரிகாரம் எங்கே கூறப்பட்டிருந்தது, அன்றி அதைச் செய்யாதே என்று முன்னறிவு தடுத்ததா என்பது மூன்று. இடரே பிறக்கவில்லையாயின் உரிமை மறுக்கப்படுக. பிறந்த இடருக்குக் காரணமும் பரிகாரமும் முன்னரே எழுதப்பட்டிருப்பினும் மறுக்கப்படுக. இவ்விரண்டில் ஒன்றேனும் அறியப்படாதிருந்ததாயின், உறுப்புகள் எத்துணைப் பழையனவாயினும், பரிகாரம் எத்துணை எளியதாயினும், உரிமை வழங்கப்படுக.

இவ்வாறு எழுதப்படும் உத்தரவு, மேல்முறையீட்டில் ஆராயத்தக்க உண்மைகளைத் தாங்கியிருக்கும். எளிது என்ற ஒற்றைச் சொல்லில் முடியும் உத்தரவோ எழுதியவரின் மனப்போக்கையன்றி வேறெதையும் தாங்காது. சிறு பட்டறையில் உழைத்து ஓர் இடரின் மூலத்தைக் கண்டவன் தோற்கும்போது எதனால் தோற்றான் என்று அறியும் உரிமை உடையவன். பழைய உறுப்புகளை மாற்றியடுக்கி மற்றவரின் தொழிலை முடக்க வருபவனைத் தடுக்கும் ஆதாரமும் பொதுமக்களுக்கு வேண்டும். இவ்விரு கடமைகளையும் ஒருசேர நிறைவேற்றும் விசாரணையே காப்புரிமை அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய விசாரணை.