பெயர் வைத்திருந்தால் மரண தண்டனை

கேமரன் மலைக்குப் போய் வராத குடும்பம் நம்மிடையே குறைவு. 1885ஆம் ஆண்டு அந்த மலைப்பகுதியை ஆராயச் சென்ற நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. சரி, கேமரன் என்றால் என்ன பொருள்? ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் 'காம்' என்றால் கோணல், 'ஸ்ரோன்' என்றால் மூக்கு. ஆக, கோணல் மூக்கன்! காம்பெல் என்ற பெயருக்குக் கோணல் வாயன் என்று பொருள். யாரோ ஒரு பாட்டனுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர், பரம்பரைக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்று மேலைநாடுகளில் ஆண், பெண் இரு பிள்ளைகளுக்கும் கேமரன் என்று ஆசையாகச் சூட்டுகிறார்கள்.

குடும்பப் பெயரைப் பிள்ளைப் பெயராக்குவது ஸ்காட்லாந்தில் பழைய வழக்கம்தான். தாயின் பிறந்த வீட்டுப் பெயர் மறைந்துவிடக் கூடாது என்று அதைப் பிள்ளைக்கு முதற்பெயராகவோ நடுப்பெயராகவோ வைப்பார்கள். டக்ளஸ் அப்படிப் பரவிய பெயர்களில் ஒன்று. 'கரிய நீர்' என்று பொருள். முதலில் அது ஓர் ஆற்றின் பெயர். மர்ரே என்பது மொரே என்ற வட்டாரத்திலிருந்து வந்தது. ஸ்டூவர்ட் என்பதோ அரண்மனைக் காரியங்களைக் கவனித்தவரின் பதவிப் பெயர். அந்தப் பதவியில் இருந்த குடும்பமே 1371இல் அரியணை ஏறியது.

'மெக்' என்று தொடங்கும் பெயர்கள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. மெக் என்றால் மகன். நம் அடையாள அட்டையில் வரும் 'ஏ/எல்' செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. மெக்கின்டயர் தச்சரின் மகன். மெக்டோனல்ட், டோனல்டின் மகன். டோனல்ட் என்றால் உலகை ஆள்பவன். பர்கர் கடைக்குப் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்! நம் 'ஏ/பி' போல மகளுக்கும் கேலிக் மொழியில் தனிச்சொல் உண்டு, 'நிக்'. இது தெரியாமல்தான் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு மெக்கென்சி என்று பெயர் வைக்கிறார்கள். பொருள் 'கென்னத்தின் மகன்'. ஓசை இனிமையாக இருந்தால் போதும் என்று பெயர் தேடும் பழக்கம் நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல போலும்.

ஆனால் இந்தப் பெயர்களில் ஒன்றுக்கு நேர்ந்த கதி வேறு எதற்கும் நேரவில்லை. அது மெக்ரெகர்.

மெக்ரெகர் குலத்தார் மலைநாட்டு மக்கள். அவர்களுடைய நிலங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காம்பெல் பிரபுக்களின் கைக்குப் போயின. நிலம் இழந்தவர்கள் கொள்ளையில் இறங்கினார்கள். 1603ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் கஹூன் குலத்தாரைப் பெருமளவில் வெட்டிச் சாய்த்தார்கள். மன்னர் ஆறாம் ஜேம்ஸ் கொதித்துப் போனார். இங்கிலாந்தின் முடியை ஏற்க லண்டனுக்குப் புறப்படவிருந்த நேரம் அது. அதற்குள் ஆணை பிறந்தது. மெக்ரெகர் என்ற பெயரே இனி இருக்கக் கூடாது. அதை விட மறுப்பவருக்கு மரண தண்டனை. குலத் தலைவர் அலஸ்டேர் 1604 ஜனவரியில் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார்.

குற்றம் செய்தவனைத் தண்டிப்பது அரச நீதி. பெயரைத் தண்டிப்பதை என்னவென்று சொல்வது? 1617இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதற்கும் ஒருபடி மேலே போனது. அந்தக் குலத்தில் பிறந்து வளர்ந்துவரும் பிள்ளைகள், பெரியவர்களானதும் பழைய பெயரை எடுத்தால் அவர்களுக்கும் அதே தண்டனை என்று சட்டம் செய்தது. கிளென் ஃப்ரூயினில் வாள் எடுத்தவன் யார் என்றே அறியாத பிள்ளைகள் அவர்கள்.

மக்கள் கிராண்ட், டிரம்மண்ட், மர்ரே, கிரஹாம் என்று கிடைத்த பெயர்களுக்குள் ஒளிந்துகொண்டார்கள். 1661இல் இரண்டாம் சார்ல்ஸ் தடையை நீக்கினார். 1693இல் மூன்றாம் வில்லியம் ஆட்சியில் அது திரும்பி வந்தது. வால்டர் ஸ்காட்டின் நாவலால் உலகப் புகழ் பெற்ற ராப் ராய் மெக்ரெகர் அந்தக் காலத்தவர். அவர் தாயின் குடும்பப் பெயரைப் போட்டுக்கொண்டார். அது எந்தப் பெயர் தெரியுமா? காம்பெல்!

1774இல்தான் சட்டம் முற்றாக நீக்கப்பட்டது. அதற்குள் ஐந்தாறு தலைமுறை கடந்துவிட்டது. சிலர் பழைய பெயருக்குத் திரும்பினார்கள். சிலர் திரும்பவில்லை. கடன் வாங்கிய பெயரிலேயே பிறந்து, அந்தப் பெயரிலேயே கல்லறைக்குப் போன பாட்டன்மார் அவர்களுக்கு இருந்தார்கள்.