ஆடாத அளவுகோல்

1997 மே மாதம் நியூயார்க்கில் டீப் புளூ காஸ்பரோவை 3½–2½ என்று வென்றது. சதுரங்கத்துக்கென்றே செய்த 480 சில்லுகள், நொடிக்கு 20 கோடி நிலைகள் என்று அந்த மெஷினைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படும் எண் வேறு. நடந்தது ஆறே ஆட்டம். ஆறு ஆட்டத்தில் இவ்வளவு நெருக்கமாக வந்த முடிவை வைத்து இரண்டு பேரில் யார் பலசாலி என்று புள்ளியியல் உறுதியாகச் சொல்லாது. மறு ஆட்டமும் நடக்கவில்லை. மெஷினைப் பிரித்து, ஒரு பகுதியை ஸ்மித்சோனியனிலும் இன்னொரு பகுதியைக் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்திலும் வைத்துவிட்டார்கள். அது ஜெயித்தது உண்மைதான். ஆனால் அதன் பலத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை.

சதுரங்கக் கணினியின் வரலாறு பெரும்பாலும் ஜெயித்த மெஷின்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அளந்த மெஷின்களின் வரலாறு வேறு இடத்தில், அதிகமும் சாதாரண வீடுகளில் நடந்தது.

அதன் முதல் பாடத்தைத் தந்தவர் பெல் ஆய்வுக்கூடத்தின் கென் தாம்சன். யூனிக்ஸை உருவாக்கிய அதே தாம்சன்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் தன்னுடைய ‘பெல்’ இயந்திரத்தை அதனோடேயே மோதவிட்டார். இரண்டு பக்கமும் ஒரே நிரல், தேடும் ஆழம் மட்டும் வேறு. ஆழம் ஒரு படி கூடினால், குறைந்த ஆழங்களில் ஏறத்தாழ 200 எலோ புள்ளி ஏறியது. வேகம்தான் பலம் என்று இதைப் படிக்கலாம். நான் படிப்பது வேறு மாதிரி: வன்பொருள் சமமாக இல்லையென்றால் எந்த எஞ்சின் கெட்டிக்காரத்தனமானது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இதைப் புரிந்துகொண்டு உழைத்தவர்கள் சுவீடனின் எஸ்எஸ்டிஎஃப் சங்கத்தார். 1984 முதல் பட்டியல் வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் இரண்டு சதுரங்கக் கணினிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் வந்த நகர்வை அதில் கையால் அழுத்துவார்கள். 40 நகர்வுக்கு இரண்டு மணி நேரம் என்பது கணக்கு, அதனால் ஒரு ஆட்டமே ஒரு மாலையை விழுங்கிவிடும். பிறகு இரண்டு பிசிகளை சீரியல் கேபிளால் இணைத்துத் தானாக ஆடவைத்தார்கள். அவர்களுடைய பட்டியலில் எஞ்சின் பெயரோடு வன்பொருளும் இருக்கும்: பென்டியம் 90, கே6-2 450, அத்லான் 1200. எந்த மெஷினில் ஆடியது என்று சொல்லாமல் அங்கே எந்தப் புள்ளிக்கும் மதிப்பில்லை.

2000இல் யுசிஐ நெறிமுறை வந்தது. ஒரே பிசியில் இரண்டு எஞ்சின்களை மோதவிடுவது சுலபமானது. அடுத்து சிசிஆர்எல் குழு வந்தது. உலகத்தின் பல மூலைகளில் ஆளுக்கொரு மெஷின் வைத்திருந்தவர்களை எப்படிச் சமப்படுத்துவது? அத்லான் 64 எக்ஸ்2 4600+ ஒன்றை அளவுகோலாக வைத்தார்கள். உங்கள் மெஷின் வேகமானதா? உங்கள் எஞ்சின்களுக்கு நேரம் குறைவு. மெதுவானதா? நேரம் அதிகம். எல்லாரும் ஒரே கணினி வாங்கத் தேவையில்லை, கடிகாரத்தைத் திருத்தினால் போதும். பிற்பாடு அளவுகோல் ஐ7-4770கே ஆக மாறினாலும் யோசனை மாறவில்லை. 2013இல் ஸ்டாக்ஃபிஷுக்காகத் தொடங்கிய ஃபிஷ்டெஸ்டும் தன்னார்வலர்களின் கணினிகளை இப்படித்தான் சமப்படுத்துகிறது.

“அண்ணே, எஞ்சின் டெஸ்ட் பண்ண எந்த மெஷின் வாங்கலாம்? கிராபிக்ஸ் கார்டு பெருசா போடணுமா?” என்று நண்பர்கள் கேட்கும்போது இந்த வரலாறுதான் எனக்குப் பதில். முதலில் கணக்கைப் பாருங்க. ஆட்டங்களில் பாதி டிராவானால், 1,000 ஆட்டத்துக்குப் பிறகும் முடிவு 15 எலோ கூடக்குறைய இருக்கும். அதை 5க்குக் கொண்டுவர 10,000 ஆட்டம் வேண்டும். ஆட்டத்துக்கு அரை நிமிடம் என்று வைத்தால், ஒரு கோரில் மூன்றரை நாள், எட்டு கோரில் பத்தரை மணி நேரம். ஆகவே ஒரு கோர் பறப்பதைவிட, நிறைய கோர்கள் ஒரே சீராக ஓடுவது முக்கியம்.

அந்தச் சீர்தான் இப்போது கஷ்டம். இன்டெலின் 2021க்குப் பிந்தைய பல சில்லுகளில் பெரிய கோர், சின்ன கோர் என்று இரண்டு ஜாதி. ஒரு எஞ்சின் பெரியதிலும் எதிராளி சின்னதிலும் விழுந்தால் அந்த ஆட்டம் வீண். ஹைப்பர்த்ரெடிங்கை நம்பி, இருக்கும் கோர்களைவிட அதிக ஆட்டங்களை ஓட்டினாலும் இதே கதை. டர்போ வேகம் சூட்டைப் பொறுத்து ஏறி இறங்கும். நம்ம ஊர் மதியத்தில் சாதாரண ஃபேன் போட்ட மெஷின் காலையில் ஓடியதுபோல் ஓடாது. டர்போவை அணைத்துவிட்டு நல்ல கூலர் போடுங்க, அவ்ளோதான். சில்லுக்கேற்ற பில்டையும் பார்க்க வேண்டும். ரைசன் 3000 வரிசை வரை பெக்ஸ்ட் என்ற கட்டளை மிக மெதுவாக ஓடும். அதை நம்பியிருக்கும் பிஎம்ஐ2 பில்டைவிட ஏவிஎக்ஸ்2 பில்டே அவற்றுக்கு நல்லது. 2020இல் வந்த ஜென் 3இல்தான் அது சரியானது.

கிராபிக்ஸ் கார்டு? 2017இல் ஆல்ஃபாஜீரோ வந்து, 2018இல் லீலா அதன் வழியைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தபோது அளவுகோலே ஆடிப்போனது. ஒரு பக்கம் ஜிபியு, மறுபக்கம் சிபியு. இரண்டையும் எதை வைத்துச் சமம் என்பது? விலையா, மின்சாரமா? இன்றுவரை எல்லாரும் ஒப்புக்கொண்ட பதில் கிடையாது. 2020இல் ஸ்டாக்ஃபிஷ் 12, ஜப்பானிய ஷோகி எஞ்சின்களுக்காக யூ நாசு உருவாக்கிய என்என்யுஇயை எடுத்துக்கொண்டு, நரம்பியல் வலைப்பின்னலைச் சாதாரண சிபியுவிலேயே ஓடவைத்தது. லீலா வகை எஞ்சின்களைச் சோதிக்காதவருக்குப் பெரிய கார்டு வீண்செலவு.

வேகமான மெஷின் ஒவ்வொரு வருஷமும் பழசாகிவிடுகிறது. அந்த ஆறு ஆட்டத்தை இனி யாராலும் மறுபடி ஆடிப் பார்க்க முடியாது. ஆனால் ‘அத்லான் 1200’ என்று குறித்துவைத்த சுவீடன்காரரின் சோதனையை, அந்தப் பழைய பெட்டி கிடைத்தால், இன்றும் நடத்திப் பார்க்கலாம். எதை வாங்கினாலும் அதன் பெயரையும் வேகத்தையும் முடிவோடு சேர்த்து எழுதிவையுங்கள்.